வேதாசலம் நடக்கிறார், நீங்கள்?

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நின்று அண்ணாந்து பார்த்தால் வேதாசலம் நடந்துகொண்டிருப்பது தெரியும். வேட்டியை மடித்துக் கட்டி, கையை வீசி, ஒரு காலை முன்னே எடுத்து வைத்து, பிளெக்ஸ் பேனரின் முழு உயரத்துக்கு நடந்துகொண்டிருந்தார். தலைக்குப் பின்னால் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. சூரியனைச் சுற்றி மேகம். மேகத்திலிருந்து நாலைந்து வெள்ளைப் புறாக்கள் கிளம்பி எங்கோ போயின. முகத்தை ஒட்டி 'திரு. வேதாசலம், வயது 58'. இடுப்புக்குக் கீழே, காலோடு காலாகக் கொட்டை எழுத்தில், 'வேதாசலம் நடக்கிறார், நீங்கள்?'

நீங்கள் என்று கேட்கப்பட்டவர்கள் பேனரின் நிழலில் நின்று போண்டா தின்றார்கள். எண்ணெய்க் கையைத் துடைக்க வேதாசலத்தின் கால் மாட்டில் ஒரு கயிறு தொங்கியது. அது வசதியாக இருந்தது. பிறகு அடுத்த தெருவுக்குப் போக ஷேர் ஆட்டோ பிடித்தார்கள்.

அதே நேரத்தில், ஊருக்குத் தெற்கே, நிஜ வேதாசலம் ஏரிக்கரையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து வலது முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அடிக்கடி இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டார். முட்டி வலிப்பதைவிட, தான் உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதே அவருக்குப் பெரிய கவலையாக இருந்தது. சைக்கிளில் வந்த ஒருவன் பார்த்தேவிட்டான்.

"இன்னாயா வேதாசலம், போர்டுல நடக்கறே, இங்க குந்திக்கினு கீறே? கவர்மெண்டையே ஏமாத்தறியா?"

"செருப்புல கல்லுபா," என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் குடத்தில் ஓலை போட்டுக் குலுக்கி ஆளைத் தேர்ந்தெடுத்த ஊர் இது. வேதாசலத்தை அந்த அளவுக்குக்கூட யாரும் குலுக்கவில்லை. அவர் மாட்டிக்கொண்டது வேறு காரணத்தால். அவருக்கு 'இல்லை' என்று சொல்ல வராது.

இதைக் குணம் என்பதா, களைப்பு என்பதா தெரியவில்லை. கையில் பைலோ கழுத்தில் அடையாள அட்டையோ வைத்திருக்கிற ஆள் வந்து ஏதாவது கேட்டால், எங்கள் பக்கத்து விவசாயி பொதுவாக ஆமாம் என்றுதான் சொல்வான். இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்பார்கள், விளக்க வேண்டும், வயலில் வேலை கிடக்கும். ஆமாம் என்றால் ஆள் போய்விடுவான். அதோடு எல்லோரும் அதை மறந்தும்விடுவார்கள். வேதாசலத்தின் கேடு என்னவென்றால், அவர் மறக்கமாட்டார். ஆமாம் என்று சொன்னதை ராத்திரி படுக்கும்போது நினைப்பார். 'சொல்லிட்டமே' என்பார். காலையில் எழுந்து செய்துவிடுவார்.

கல்யாணம் ஆன புதிதில் சிவப்பு முக்கோணம் போட்ட ஜீப் ஒன்று வந்தது. இரண்டு பிள்ளையோடு போதும்தானே என்று கேட்டார்கள். ஆமாம் சார் என்றார். இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு தானே போய் ஆபரேஷன் செய்துகொண்டு, அரசாங்கம் கொடுத்த பிளாஸ்டிக் வாளியோடு திரும்பி வந்தார். ஊரில் வேறு எந்த ஆணும் அந்த வாளியை வாங்கவில்லை. "என்ன ஒரு வார்த்த கேட்டியா?" என்று மனைவி கனகா அந்த வாளியாலேயே தண்ணீரை அவர் மேல் ஊற்றியதாகச் சொல்வார்கள். அறிவொளி இயக்கம் வந்தபோது எட்டாவது படித்த நீங்கள் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுப்பீர்களா என்றார்கள், ஆமாம். வயலில் இருந்து வந்த காலோடு தெருவிளக்கின் கீழே உட்கார்ந்து, தூங்கி விழுகிறவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார். அவரும் தூங்கி விழுந்தார். கல்லூரிப் பெண்கள் கூட்டமாக வந்து தெருவில் நாடகம் போட்டு, பீடியை இன்றோடு விடுகிறீர்களா ஐயா என்று கேட்டார்கள். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் ஆமாம் என்றார்கள். நாடகம் முடிந்ததும் அத்தனை பேரும் பற்றவைத்தார்கள். வேதாசலம் மட்டும் அன்றோடு விட்டார். அந்த மாதம் முழுக்க மாட்டோடுகூட சண்டை போட்டார்.

ஆக, இத்தனை வருஷமாக அரசாங்கம் சுவரிலும் வானொலியிலும் டிவியிலும் ஊருக்கு எடுத்துச் சொன்ன நல்லதெல்லாம் ஒரே ஆளின் மேல் போய் விழுந்திருக்கிறது. மற்றவர்கள் நனையவே இல்லை.

இந்தத் தடவை வந்தது நடை. மாவட்டத்தில் புதிதாக ஓர் இயக்கம் ஆரம்பித்திருந்தார்கள். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று விடியற்காலையில் தெருத் தெருவாக வந்தது. 'நடை ஒன்றே மருந்து, உப்பைக் குறைத்தே அருந்து' என்று பெண் குரல் ஒன்று பாடியது. களை எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்த பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டே வயலுக்கு நடந்தார்கள்.

அப்படி ஒரு காலையில் வேதாசலத்தின் மொபெட்டின் பின் டயர் பஞ்சராகிக் கிடந்தது. மோட்டாருக்கான கரண்ட் வந்துவிட்டது. அது எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அவர் ஏரிக்கரை மேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். எதிரே அந்த இயக்கத்து வேன் ஒன்று வந்து நின்றது. கேமராவோடு இரண்டு பேர் இறங்கினார்கள்.

"ஐயா, தினமும் இப்படித்தான் நடப்பீங்களா?"

கரண்ட் போய்விடும். "ஆமாம் சார்."

"உப்பு, சர்க்கரை எல்லாம் குறைச்சிருக்கீங்களா?"

"ஆமாம் சார்."

"மனசுல கவலை ஒண்ணும் இல்லையே?"

"ஆமாம் சார்."

கைபேசி எண்ணைக் கொடுங்கள் என்றார்கள், கொடுத்தார். ஒரு தடவை நடந்து காட்டுங்கள் என்றார்கள், காட்டினார். மோட்டார் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது கரண்ட் போயிருந்தது.

பேனர் ஏறியதும் ஊர் அவரைக் கண்காணிக்க ஆரம்பித்தது. டீக்கடை சேட்டு, சின்ன வயசிலிருந்தே பழக்கம், அவருக்குச் சர்க்கரை போட மறுத்துவிட்டார்.

"நீ போர்டுல நிக்கிற ஆளு. உனுக்கு சக்கர போட்டா என்னத்தான் புடிப்பானுங்க."

"எனுக்கு சுகரே இல்லடா சேட்டு."

"இப்ப இல்ல. சக்கர போட்டா வந்துரும். எழுதிக் கீதே, படிக்கல?"

பக்கத்து பெஞ்சில் இரண்டாவது வடையைத் தேங்காய்ச் சட்னியில் முக்கிக்கொண்டிருந்தவர், "அவரு சொல்றதும் கரெக்டுதான் வேதாசலம், உடம்பப் பாத்துக்கணும்," என்றார்.

மொபெட்டில் போனால் சிரித்தார்கள். பஸ் ஏறினால் கண்டக்டர், "நீங்க நடந்துடுவீங்கன்னு நெனச்சேனே," என்றார். அதையும் அவர் தாங்கியிருப்பார். ஆனால் ஆமாம் என்று சொல்லியாகிவிட்டதே. பஞ்சர் ஒட்டிய மொபெட்டை வாசலில் நிறுத்திவிட்டு வயலுக்குக் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் நடந்தார். வயலுக்குள்ளும் நடந்தார். ஏற்கெனவே தேய்ந்திருந்த முட்டி வீங்கியது.

வாசலில் சும்மா நின்ற வண்டி கனகாவின் தம்பி ஜெகன் கண்ணில் பட்டது. ஜெகனுக்குப் பால் வியாபாரம், பக்கத்து ஊர்.

"மாமா, நீங்கதான் நடக்கறீங்களே, வண்டி தண்டமா நின்னுக்கினு கீது. நான் பால் எடுக்க ஓட்டிக்கட்டா?"

"ஆமாம்பா," என்றது வேதாசலத்தின் வாய்.

வண்டி போய்விட்டது. அப்போது நவரை நெல் கதிர் விடுகிற பருவம். தண்ணீர் தப்பினால் எல்லாம் பதர். கரண்ட் வருகிற நேரத்துக்கு மோட்டார் கொட்டகையில் இருந்தாக வேண்டும். நடந்து போனால் பாதி நாள் கரண்ட் அவரை முந்திக்கொண்டது. வண்டி திரும்பி வரவில்லை என்றால் முட்டியும் போகும், நெல்லும் போகும். இது வேதாசலத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க ஓர் 'இல்லை' வேண்டும். அந்தச் சரக்கு அவரிடம் கிடையாது.

துணை சுகாதார நிலைய நர்ஸ் மேரி முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டுத் திட்டினார்.

"யாரு ஐயா உங்கள நடக்கச் சொன்னது?"

"நீங்கதாம்மா. ஆட்டோவுல தெனமும் சொல்றீங்களே."

"அது நாள் பூரா நாற்காலியில உக்காந்துக்கினு இருக்கறவங்களுக்கு. நீங்க சேத்துல நடக்கற நடை போதாதா? முட்டிக்கு ரெஸ்ட் குடுங்க. போற வர வண்டியிலதான் போகணும். சரியா?"

"ஆமாம்மா."

இப்போது அவரிடம் இரண்டு ஆமாம் இருந்தது. நடக்கிறேன் என்று ஒன்று, நடக்க மாட்டேன் என்று ஒன்று. ராத்திரி தூக்கம் போனது. விடிந்ததும் தைரியத்தைக் கூட்டி ஜெகனுக்குப் போன் போட்டார்.

"ஜெகா, வண்டி..."

"சூப்பரா ஓடுது மாமா! இன்னும் கொஞ்ச நாளு வச்சிக்கட்டா?"

"ஆமாம்பா, வச்சிக்க."

கனகா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கேட்டியா?"

"கேட்டேன்."

"இன்னா சொன்னான்?"

"நான்தான் சொன்னேன்," என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கக் கிளம்பினார். அன்றைக்கென்று இயக்கத்து ஒருங்கிணைப்பாளரும் போன் செய்தார். பேனர் நல்ல வரவேற்பைப் பெற்றிருப்பதாகவும், வேதாசலம் ஐயா ஏரியைச் சுற்றி முழுசாக ஒரு சுற்று நடப்பதை வீடியோ எடுக்க விரைவில் வருவதாகவும் சொன்னார். ஆமாம் சார், வாங்க சார்.

இதற்கிடையில் பஸ் ஸ்டாண்டில் ஒரு காதணி விழா பேனர் கட்டினார்கள். காது குத்திக்கொள்ளும் குழந்தை ஓரமாகச் சின்னதாக இருக்க, தாய்மாமன்கள் எல்லோரும் கறுப்புக் கண்ணாடியோடு பெரிதாக நின்ற பேனர். கட்ட இடம் இல்லாமல் வேதாசலத்தின் இடுப்புக்குக் கீழே கட்டிவிட்டுப் போனார்கள். நடந்த காலும் மறைந்தது, நடக்கிறார் என்ற எழுத்தும் மறைந்தது. மிச்சம் இருந்தது சிரிக்காத முகம், சூரியன், மேகம், புறாக்கள், பெயர், வயது.

எங்கள் பக்கத்தில் பிளெக்ஸ் வாசிக்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. மஞ்சளும் சிவப்புமாக ஜோடி இருந்தால் கல்யாணம். கறுப்புக் கண்ணாடி இருந்தால் காதுகுத்து. ஒற்றை ஆள், மேகம், புறா, பக்கத்தில் வயது போட்டிருந்தால் கண்ணீர் அஞ்சலி. உயிரோடு இருக்கிறவனுக்கு யார் வயது போடுவார்கள்? பேனர் அடித்த கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் இருந்த மேகத்தையே இதற்கும் போட்டிருந்தார். காலை மேகம் வேறு, கைலாச மேகம் வேறு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வேதாசலத்தின் மகள் வாக்கப்பட்டது தென்னேரியில். அவள் மாமனார் ஏகாம்பரம் ஒரு வேலையாக உத்திரமேரூர் வந்தவர், பஸ்ஸில் இருந்தபடியே சம்பந்தியைப் பார்த்தார். மேகத்தில் பார்த்தார். ஒரு சாவுக்குச் சொல்லி அனுப்பவில்லையே என்ற கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். மருமகள் பிரசவத்துக்கு நாள் நெருங்கியவள், அவளிடம் சொல்ல முடியாது. மனைவியை மட்டும் போனில் கூப்பிட்டு வரவழைத்து, ஒரு மாலையும் கோடி வேட்டியும் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். வழியில் ஜெகனுக்கும் தகவல் போனது.

ஏகாம்பரத்தின் மனைவி தெருமுனையிலேயே தலைமுடியை அவிழ்த்துவிட்டாள்.

"இல்லேன்னு சொல்லாத எஞ் சம்மந்தி,
ஏழூருக்கும் நல்ல சம்மந்தி,
எமன் வந்து வரியான்னு கேட்டதுக்கும்
ஆமான்னு சொல்லிட்டியா சம்மந்தி..."

கனகா அப்போது அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டு ஒருத்தி வாசலுக்கு வந்தால் கட்டிப்பிடித்துத் தானும் அழுவதுதான் முறை. செத்தது யார் என்று விசாரிப்பதெல்லாம் அப்புறம். ஆகவே முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒப்பாரி நன்றாகவே அமைந்துவிட்டது. மூச்சு வாங்கிய ஓர் இடைவெளியில் கனகா மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்.

"ஆமா சம்மந்தி, யாரு செத்தது?"

"அய்யோ, உனுக்கு புத்தி பேதலிச்சிடுச்சே! உம் புருசந்தாம்மா!"

"காலைல நாஷ்டா துன்னுட்டுத்தானே போனாரு?"

அந்த நேரத்தில் வேதாசலம் தெருவுக்குள் நுழைந்தார். முட்டி மடங்காமல் ஒரு காலை இழுத்து இழுத்து, கூட்டத்தைப் பார்த்து முகம் வாடி, துண்டைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். கனகாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"யாரு கனகா?"

"நீதான்யா," என்றாள் கனகா.

ஏகாம்பரம் கையில் மாலையோடு நின்றார். பிறகு அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உயிரோட கீறவரு எதுக்கு சம்மந்தி மேகத்துல நிக்கிறீரு? சரி, இந்த மாலைய இன்னா பண்றது? சாவு மாலைய வூட்டுக்கு எடுத்துக்கினு போவக் கூடாது. உமக்குப் போடவும் கூடாது. ஒரே பேஜாரா போச்சு."

வேடிக்கை பார்க்க வந்த சேட்டு யோசனை சொன்னார். "பஸ் ஸ்டாண்டு வழியாத்தானே போறீங்க? அந்தப் படத்துக்கே போட்டுட்டுப் போங்க. யாருக்காக வாங்கினீங்களோ அவருக்கே போய்ச் சேரும்."

அது நியாயமாகப் பட்டது. கோடி வேட்டியைக் கனகா வாங்கிப் பீரோவில் வைத்தாள். "எப்டியும் ஆவும்," என்றாள்.

இத்தனை களேபரத்தில் ஒரு பரிச்சயமான சத்தம் கேட்டது. மொபெட். ஜெகன் பால் கேனோடு அப்படியே வந்திருந்தான். வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, "மாமா!" என்று அலறிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடியவன், மாமாவின் மேலேயே மோதி, பின்னால் நகர்ந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

வேதாசலம் அவனைத் தாண்டி வண்டியைப் பார்த்தார். நிற்க முடியவில்லை. முட்டி விண்ணென்று தெறித்தது. வேறு உட்கார இடமும் இல்லை. நடந்து போய் வண்டியின் மேல் உட்கார்ந்தார். அவ்வளவுதான். அதற்குமேல் அவர் ஒன்றும் செய்யவில்லை. பால் கேனை மட்டும் கழற்றிக் கீழே வைத்தார். கூட்டம் கலைந்தது, சம்பந்தி காபி குடித்துவிட்டுப் போனார், வெயில் சாய்ந்தது. அவர் இறங்கவில்லை. ஜெகன் கொஞ்ச தூரத்தில் நின்று இரண்டு தரம் தொண்டையைச் செருமினான். செத்துத் திரும்பிய மனிதரிடம் வண்டியை எப்படிக் கேட்பது? கேனைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான்.

மறுநாள் காலை வேதாசலம் மொபெட்டில் வயலுக்குப் போய், கரண்டுக்கு முன்னால் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். கதிர்களுக்கு நடுவே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. போன் அடித்தது.

"வணக்கம், வேதாசலம் ஐயா வீடுங்களா?" ஒருங்கிணைப்பாளரின் குரல்.

"ஆமாம் சார்."

"பஸ் ஸ்டாண்டுல ஐயா படத்துக்கு மாலை போட்டிருக்குன்னு போட்டோ வந்திருக்கு. மாலை போட்டது நிஜந்தானா?"

"ஆமாம் சார்."

எதிர்முனையில் குரல் தாழ்ந்தது. "அப்போ... ஐயா தவறிட்டாருங்களா?"

வேதாசலம் தண்ணீரைப் பார்த்தார். இல்லை என்று சொல்லலாம். சொன்னால், மேகம், புறா, காதணி விழா, தென்னேரி சம்பந்தி எல்லாவற்றையும் விளக்க வேண்டும். விளக்கி முடித்தால், அப்போ வீடியோவுக்கு எப்போது வரட்டும் என்பார்கள். முட்டி தானாக ஒரு தடவை துடித்தது.

"ஆமாம் சார்," என்றார்.

"அடடா." அப்புறம் தயங்கித் தயங்கி, "தப்பா நெனச்சுக்காதீங்க. நடக்கும்போது ஒண்ணும் ஆகலையே? எங்களுக்கு மேலே பதில் சொல்லணும்."

"இல்ல சார்." அறுபதை நெருங்கும் வயதில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. அவருக்கே புதிதாக இருந்தது. "வண்டி மேல குந்திக்கினு இருக்கசொல்லதான்."

"அப்பாடா," என்றது குரல். உடனே திருத்திக்கொண்டு, "ஆழ்ந்த இரங்கல் சார்," என்றது.

பேனரை இறக்கிவிட்டார்கள். கொஞ்ச நாளில் அதே இடத்தில் வேறொன்று ஏறியது. அறுவடை முடிந்து கனகாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மொபெட்டில் வந்த வேதாசலம், பஸ் ஸ்டாண்டு ஓரமாக நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். அதே சூரியன், அதே மேகம், அதே புறாக்கள். நடுவில் ஆள் இல்லாத ஒரு மொபெட். கீழே, 'உட்கார்ந்தே போனவர் திரும்பவில்லை. நீங்கள்?'

கீழே நின்று போண்டா தின்றவர்கள் கயிற்றில் கையைத் துடைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்தார்கள்.

"எல்லாம் உன்னால," என்றாள் கனகா. "சொன்னா செஞ்சிடற ஆளாச்சே நீ. இப்ப செத்துட்டன்னு வேற சொல்லிட்டு வந்து கீற. இதுக்கு இன்னா பண்ணப் போறே?"

வேதாசலம் வண்டியை மெல்லக் கிளப்பினார்.

"செஞ்சிடலாம் கனகா. இதுல ஒண்ணும் அவசரம் இல்ல."